தடித்த இரத்தமும் சீனி வருத்தமும்

"ரத்தம் தடிச்சுப் போச்சு, அதான் சீனி ஏறுது" என்று லயத்தில் பேசிக்கொள்வதை நாம் கேட்டிருக்கிறோம். இந்தப் பேச்சில் கொஞ்சம் உண்மையும் உண்டு, கொஞ்சம் தப்பும் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்ப்போம்.

இரத்தம் தடிப்பது எப்படி?

பிளேன்டீ ஓடுகிற மாதிரி கஞ்சி ஓடாது. இரத்தமும் அப்படித்தான். நூறு பங்கு இரத்தத்தில் சுமார் 40 முதல் 45 பங்கு சிவப்பணுக்கள். பெண்களுக்கு இது சற்றுக் குறைவு. மீதியில் பெரும்பகுதி தண்ணீர். சிவப்பணு கூடினாலும், தண்ணீர் குறைந்தாலும், பைபிரினோஜன் என்ற புரதம் கூடினாலும் இரத்தம் தடிக்கும்.

இன்சுலின் என்ன செய்கிறது?

1921ஆம் ஆண்டு கனடாவின் டொரன்டோ நகரில் பிரித்தெடுக்கப்பட்ட இன்சுலின், நமது கணையத்தில் சுரப்பது. இது ஒரு திறப்பு மாதிரி. தசையின் கதவைத் திறந்து சீனியை உள்ளே விடும். சிலருக்குப் பூட்டு துருப்பிடித்தாற்போல கதவு லேசில் திறக்காது. இதுதான் இன்சுலின் எதிர்ப்பு. கணையம் மேலும் மேலும் சுரந்து, பல வருஷம் கழித்துக் களைத்துவிடும். அப்போது சீனி ஏறும்.

இரண்டுக்கும் என்ன தொடர்பு?

சீனியும் இன்சுலினும் மயிரிழையை விட மெல்லிய குழாய்கள் வழியாகவே தசைக்குப் போகவேண்டும். தடித்த இரத்தம் அங்கே மெதுவாகத்தான் ஓடும். மறுபக்கம், இன்சுலின் எதிர்ப்பு உள்ளவர்களுக்குப் பைபிரினோஜன் கூடுகிறது. சீனி மிகுந்தால் சிவப்பணுக்கள் வளையாமல் விறைக்கின்றன. இப்படி ஒன்று மற்றதை இழுத்துவிடும். அமெரிக்காவில் 12,000க்கு மேற்பட்டோரைக் கவனித்து 2008இல் வெளியான ஆய்வில், இரத்தம் தடித்தவர்களுக்கே சீனி வருத்தம் கூடுதலாக வந்தது. ஆனாலும் தடிப்புத்தான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை.

தாய்மாரே, கவனியுங்கள்!

"ரத்தம் தடிச்சிரும்" என்று பயந்து கிளினிக்கில் தரும் இரும்புச்சத்து மாத்திரையைக் கானில் போட்டுவிடாதீர்கள். இரத்தம் குறைந்தவருக்கு அதைச் சரியான அளவுக்குக் கொண்டுவருவதே அந்த மாத்திரையின் வேலை. இரத்தசோகையோடு பிள்ளை பெறுவது தாய்க்கும் சிசுவுக்கும் ஆபத்து. இரத்தம் குறைந்திருப்பதால் சீனி வராது என்று நினைப்பதும் தப்பு. மூன்று மாதச் சீனி அளவைப் பார்க்கும் பரிசோதனை இரத்தசோகையால் பிழையாகக் காட்டலாம். ஆகவே சோகை இருப்பதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

நாம் செய்யக்கூடியவை

* மலைக்குப் போகும்போது தண்ணீர்ப் போத்தல் கொண்டுபோங்கள். கக்கூஸ் வசதி இல்லை என்று குடிக்காமல் இருப்பது உடம்புக்குக் கேடு. அந்த வசதியைக் கேட்டுப் பெறுவோம். ஆனால் தண்ணீர் சீனி வருத்தத்துக்கு மருந்தல்ல.
* பீடி, சிகரட்டை விடுங்கள். இவை இரத்தத்தையும் தடிக்க வைக்கும், இன்சுலின் எதிர்ப்பையும் கூட்டும்.
* வேலையை விட்டு வீட்டில் இருப்பவர்கள் தினமும் அரை மணி நேரம் நடங்கள். உழைக்கும் தசை இன்சுலின் இல்லாமலும் சீனியை இழுக்கும்.
* தேத்தண்ணிக்குச் சீனியைக் குறையுங்கள். ரொட்டியில் ஒன்றைக் குறைத்து, பருப்பும் கீரையும் கூட்டுங்கள்.
* இரத்தம் இளக்கும் மாத்திரையைக் கடையில் வாங்கிப் போடாதீர்கள். வயிற்றில் இரத்தம் கசியலாம்.
* 35 வயது கடந்தவர்கள் வெறும் வயிற்றில் சீனி பாருங்கள். 100 முதல் 125 வரை என்றால் எச்சரிக்கை. இரண்டு முறை 126 அல்லது அதற்கு மேல் வந்தால் சீனி வருத்தம்.

எச்சரிக்கை நிலையிலேயே தெரிந்துகொண்டால் நிறையப் பேருக்கு வருத்தத்தைத் தள்ளிப்போடலாம், வராமலும் தடுக்கலாம். பக்கத்து வீட்டாரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.