கடைசி நாளை டிக்கெட்டிலிருந்து தொடங்குங்கள்

வேப்பம்பட்டில் மனை வாங்கி வீடு கட்டிய எல்லோர் வீட்டுக்கும் மே மாதத்தில் விருந்தாளிகள் வருகிறார்கள். கல்யாணம், ஆஸ்பத்திரி, பத்திரப்பதிவு என்று வந்த வேலையிலேயே நாட்கள் ஓடிவிடும். மிஞ்சுவது ஊருக்குத் திரும்புகிற அந்தக் கடைசி நாள்தான். ராத்திரி வண்டி. அதற்குள் மெரினா, மயிலாப்பூர், தி.நகர், வண்டலூர் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று பிள்ளைகள் பட்டியல் போடுவார்கள். பெரியவர்களும் தலையாட்டுவார்கள். பாதி நாள் பேருந்திலும் மீதி நாள் சிக்னலிலும் கழிந்து, சாயங்காலம் எல்லோரும் ஒருவர் மீது ஒருவர் எரிந்து விழுவார்கள்.

நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். கடைசி நாளுக்கு நகரத்தின் ஒரே ஒரு பகுதி போதும். எந்தப் பகுதி என்பதை உங்கள் ஆசை முடிவு செய்ய வேண்டாம், கையிலிருக்கும் டிக்கெட் முடிவு செய்யட்டும். வண்டி புறப்படுகிற இடத்திலிருந்து நடந்தோ, பத்து இருபது நிமிடத்திலோ போய்வரக்கூடிய இடங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அவற்றை ஆற அமரப் பாருங்கள்.

முதலில் மூட்டை முடிச்சு. காலை ஏழிலிருந்து ஒன்பதரை வரை நம் ஸ்டேஷனில் சென்னைப் பக்கம் போகிற மின்சார ரயில்களில் அம்பத்தூருக்கும் சென்ட்ரலுக்கும் வேலைக்குப் போகிறவர்களே நிற்க இடமில்லாமல் போகிறார்கள். அதில் பெட்டியோடும் குழந்தையோடும் ஏறுவது கொடுமை. வீட்டில் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுப் பத்து மணிக்கு மேல் கிளம்புங்கள். சென்ட்ரலிலும் எழும்பூரிலும் பயணிகளின் சாமான்களை வைத்துக்கொள்ளும் அறை உண்டு. ஊருக்குப் போகிற டிக்கெட்டைக் காட்ட வேண்டும். பூட்டாத பையை வாங்க மாட்டார்கள். ஆகவே ஜிப்பில் மாட்டுகிற சின்னப் பூட்டு ஒன்றை முதல் நாளே வாங்கி வையுங்கள். தின்பண்டம், பழம் எதையும் அந்தப் பைக்குள் விடாதீர்கள்.

கோவை, சேலம் பக்கம் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி இருக்கிறது. அவர்களுடைய வண்டி நம் ஊர் வழியாகத்தான் போகிறது. அது திருவள்ளூரிலோ அரக்கோணத்திலோ நிற்குமா என்று பாருங்கள். நிற்குமென்றால், ஏறும் நிலையத்தை முன்கூட்டியே அங்கே மாற்றிக்கொள்ளுங்கள். பெட்டிகள் வீட்டிலேயே இருக்கட்டும். வெறுங்கையோடு நகரத்துக்குப் போய், பொழுது சாய்ந்ததும் வீடு திரும்பி, குளித்துச் சாப்பிட்டு, மூன்றே நிறுத்தம் தள்ளியிருக்கும் திருவள்ளூரில் போய் ஏறலாம். ஒன்றை மறக்க வேண்டாம்: மாற்றிய பிறகு சென்ட்ரலில் ஏறும் உரிமை போய்விடும்.

மதுரை, திருச்சி, நெல்லைக்காரர்களுக்குப் பெரும்பாலும் எழும்பூர். நிலையத்தைப் புதுப்பிக்கும் வேலைகளுக்காகச் சில வண்டிகளைத் தாம்பரத்துக்கு மாற்றியதுண்டு, அதனால் முதல் நாள் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். மின்சார ரயிலில் சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்தில் இறங்கினால் மெட்ரோவில் ஒரே நிறுத்தம் எழும்பூர். பெட்டியை வைத்துவிட்டு நேரே பாந்தியன் சாலையிலுள்ள அரசு அருங்காட்சியகத்துக்குப் போங்கள். 1851இல் தொடங்கியது. வெள்ளிக்கிழமை விடுமுறை. பெரிய வளாகம், எல்லாக் கட்டடத்துக்குள்ளும் நுழைந்தால் கால் கடுக்கும். வெண்கலச் சிலைகள் இருக்கும் கட்டடத்தை மட்டுமாவது பொறுமையாகப் பாருங்கள்.

அங்கே திருவாலங்காட்டு நடராசர் இருக்கிறார். திருவாலங்காடு நம் மாவட்டம்தான், திருவள்ளூரைத் தாண்டி இதே ரயில் தடத்தில் வருகிற ஊர். காரைக்கால் அம்மையார் கடைசியில் வந்து தங்கிய தலம். வழக்கமான நடராசர் சிலைகளில் சுற்றிலும் நெருப்பு வளையமாகத் திருவாசி இருக்கும், சடை இரு பக்கமும் விரிந்து பறக்கும். இதில் இரண்டும் இல்லை. அதனால் பார்வை எங்கும் சிதறாமல் அந்த உடலிலேயே நிற்கிறது. ஊன்றிய காலின் முழங்கால் எவ்வளவு மடங்கியிருக்கிறது, அதற்கு ஈடாக இடுப்பு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பிள்ளைகளைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். பக்கவாட்டில் போய் ஒருமுறை பாருங்கள். பிரெஞ்சுச் சிற்பி ரோடின் இந்த அருங்காட்சியகத்து நடராசர்களை நேரில் பார்த்தவரே அல்ல. நிழற்படங்களைப் பார்த்தே உருகி எழுதினார், அந்தக் கட்டுரை 1921இல் அச்சானது. அரை மணி ரயில் தூரத்து ஊரிலிருந்து போன சிலையை நம் வீட்டு விருந்தாளிகள் கண்ணெதிரே பார்க்காமல் ஊர் திரும்புவது எனக்குப் பெரிய வருத்தம்.

சென்ட்ரலில் ஏறுகிறவர்களுக்குப் பாரிமுனையும் சௌகார்பேட்டையும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை முடித்து ஒடிசாவுக்கும் பீகாருக்கும் போகிற இளைஞர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். செலவு குறைவு, நிலையம் பக்கம். இங்கே ஒரு வசதியும் உண்டு. திருவள்ளூர்த் தடத்தில் சில மின்சார ரயில்கள் சென்ட்ரலுக்குப் போகாமல் கடற்கரை நிலையத்துக்குப் போகும். பெட்டி கையில் இல்லையென்றால் அதில் ஏறினால் பாரிமுனை வாசலிலேயே இறங்கலாம். பகலில் கோட்டை அருங்காட்சியகம் (இதற்கும் வெள்ளி விடுமுறை), அதே கோட்டைக்குள் 1680இல் கட்டி முடித்த புனித மரியாள் தேவாலயம்.

சாப்பாடு சாயங்காலம்தான். இரண்டாம் கடற்கரைச் சாலையில் ஐந்து மணிக்கு மேல் அத்தோ வண்டிகளைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிடும். 1960களில் பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுத் திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த பண்டம். ஆரஞ்சு நிற நூடுல்ஸில் நறுக்கிய முட்டைகோஸ், வெங்காயம், புளிக்கரைசல், மிளகாய்த்தூள், பூண்டு வதக்கிய எண்ணெய் எல்லாம் விட்டு, கையாலேயே பிசைந்து, பேஜோ என்கிற நொறுங்கும் வறுவலை மேலே தூவித் தருவார்கள். கூடவே வாழைத்தண்டு போட்ட சூடான சூப். ஒரு தட்டை இரண்டு பேர் பங்கிட்டுக்கொள்ளுங்கள், வயிற்றில் தங்கசாலைத் தெருவுக்கும் இடம் வேண்டும். அங்கே நெய் ஜிலேபி, முறுக்கு சாண்ட்விச், லஸ்ஸி. ஞாயிற்றுக்கிழமை மொத்த வியாபாரக் கடைகள் பல மூடியிருக்கும், வளையலும் ஸ்டேஷனரியும் வாங்க நினைப்பவர்கள் வேறு நாள் பார்க்க வேண்டும்.

இரவு முழுக்கப் படுத்துப் போகிற பயணம் என்பதால் ஒரு எச்சரிக்கை. காரமும் எண்ணெயும் ஏழு மணியோடு நிற்கட்டும். வண்டிக்கு வீட்டிலிருந்து தயிர்சாதம் கட்டிக்கொள்ளுங்கள். சாதத்தைக் குழைத்து, பால் நிறையவும் தயிர் கொஞ்சமாகவும் விட்டால் ராத்திரி பத்து மணிக்கும் புளிக்காது.

மெரினா இல்லாமல் பிள்ளைகள் விட மாட்டார்கள். சரி, போங்கள், ஆனால் நாலு மணிக்கு மேல். கலங்கரை விளக்கத்தில் லிப்ட் இருக்கிறது, பாட்டியும் மேலே வரலாம். திங்கட்கிழமை மூடியிருக்கும். தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல், மிளகாய் பஜ்ஜி, காலை நனைப்பது, அவ்வளவுதான். கடலுக்குள் இறங்கிக் குளிக்க யாரையும் விடாதீர்கள், நீச்சல் தெரிந்தவர்களையே இழுத்துப் போன கடல் அது. மெட்ரோ வேலையும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமும் சேர்ந்தால் ஸ்டேஷனுக்குப் போக எவ்வளவு நேரமாகும் என்று யாராலும் சொல்ல முடியாது. வண்டிக்கு இரண்டு மணி நேரம் முன்பே மணலை உதறிக்கொண்டு எழுந்துவிடுங்கள். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது, வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கும் அப்படித்தான். இது பல விருந்தாளிகளுக்குத் தெரிவதில்லை.

பேருந்தில் தெற்கே போகிறவர்களுக்குக் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம். அவர்கள் நகரத்துக்குள் வரவே வேண்டாம். பக்கத்திலேயே வண்டலூர் உயிரியல் பூங்கா, செவ்வாய் விடுமுறை. நாள் முழுக்க அதற்கே சரியாக இருக்கும்.

ஆளுக்கு ஒரு ஆசை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குழந்தைக்கு ஜிலேபி, ஒன்றுக்கு ரோஸ்மில்க், அத்தைக்கு மல்லிகைப்பூ, மாமாவுக்கு நல்ல டிகாஷன் காபி. யாருடைய முறை வருகிறதோ அவர் சொன்ன கடையில் எல்லோரும் நிற்க வேண்டும். ரங்கநாதன் தெருத் துணிக்கடை மட்டும் அன்றைக்கு வேண்டாம். ஒரு புடவை எடுக்க மூன்று மணி நேரம் போகும், அதை வாரத்தின் நடுவில் முடித்துவிடுங்கள்.

வழியனுப்பிவிட்டு வேப்பம்பட்டுக்குத் திரும்ப வேண்டியது நீங்கள். காலையிலேயே ரிட்டன் டிக்கெட்டாக எடுத்துவிடுங்கள், இரவு மூர் மார்க்கெட் கவுண்டர் வரிசையில் நிற்கிற நேரத்தில் ஒரு வண்டி போய்விடும். கடைசி லோக்கலை நம்பாமல் அதற்கு முந்தையதைக் குறித்து வையுங்கள்.