முன்பணம் என்னும் விலங்கு



செங்கல் சூளைக்கும் மரம் வெட்டவும் ஆள் சேர்க்கும் தரகர் முதலில் தருவது முன்பணம். நம் திருவண்ணாமலை மாவட்டத்து இருளர் குடும்பங்கள் பலவும் அப்படித்தான் சிக்கின. மருத்துவத்துக்கோ திருமணத்துக்கோ வாங்கிய சில ஆயிரம் ரூபாய், வெளியேற முடியாதபடி குடும்பத்தையே கட்டிப்போடுகிறது. சங்கிலி இல்லாத ஆள்கடத்தல் இது.

1976-ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடன் செல்லாது. மாவட்டத்திலும் கோட்டத்திலும் கண்காணிப்புக் குழு அமைத்து, அதில் சமூக சேவகர்களுக்கும் அச்சட்டம் இடம் தருகிறது. அதிகாரியிடம் போக அஞ்சுபவர் அக்கம்பக்கத்தாரிடம் பேசுவார் அல்லவா? அரியானா கல்குவாரித் தொழிலாளரின் நிலையைப் பந்துவா முக்தி மோர்ச்சா என்ற அமைப்பு கடிதமாக எழுதியது. உச்ச நீதிமன்றம் அதையே மனுவாக ஏற்று 1983-இல் தீர்ப்பளித்தது.

நம் பங்கு என்ன? அத்தவ்பா அத்தியாயத்தின் 60-ஆம் வசனம் கூறும் ஜகாத்தின் எட்டு வகையினரில், அடிமைத்தளையிலிருந்து மீட்கப்படுவோரும் கடனாளிகளும் உண்டு. ஆனால் தரகரின் செல்லாக் கடனை நாம் அடைக்க வேண்டாம். அந்தப் பணம் அடுத்த குடும்பத்தைப் பிடிக்கவே முதலாகும். முன்பணம் வாங்கும் நிலை வருமுன் பைத்துல்மால் மூலம் உதவுவோம். மீண்டவருக்கு விடுவிப்புச் சான்று கிடைக்கத் துணை நிற்போம். சகோதர சமயத்தவருக்கு உதவ ஸதகா இருக்கிறது.

யாரேனும் சிக்கியிருப்பது தெரிந்தால் தரகரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். இரவோடிரவாக இடம் மாற்றிவிடுவார். ஆட்சியரிடமோ கோட்டாட்சியரிடமோ தெரிவியுங்கள். குழந்தைகள் என்றால் 1098-ஐ அழையுங்கள்.