லத்திக்கு முன்னால் யோசனை

பண்ருட்டி

அன்புள்ள கதிர்,

ஊனமாஞ்சேரி போலீஸ் அகாடமியில் பயிற்சி முடித்து எஸ்.ஐ.யாக ஸ்டேஷனுக்குப் போகப் போகிறாய். மனசு நிறைந்திருக்கிறது. துப்பு துலக்கக் கற்பனை வேண்டுமா பெரியப்பா என்று போனில் கேட்டாயே, நிதானமாக எழுதுகிறேன்.

கட்டாயம் வேண்டும். ஆனால் கேஸ் ஜோடிக்கிற கற்பனை வேண்டாம். வெவ்வேறு இடத்தில் கிடப்பதைச் சேர்த்துப் பார்க்கத் தெரியவேண்டும்.

1952 ஆகஸ்டில் போட் மெயில் ரயிலில் ஒரு டிரங்குப் பெட்டி நாறியது. மானாமதுரையில் திறந்தால் தலையில்லாத உடல். சென்னையில் வியாபாரி ஆளவந்தாரைக் காணோம் என்று புகார். இராயபுரம் கடற்கரையில் ஒரு தலை கிடைத்தது. மூன்றும் ஒரே ஆளோ என்று சந்தேகப்பட்டதோடு போலீஸ் நிற்கவில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் கோபாலகிருஷ்ணன் தலையையும் உடலையும் பொருத்திப் பார்த்தார். ஆளவந்தார் முன்பு ராணுவத்தில் இருந்தவர். அங்கே பதிவான கைரேகை பிணத்தின் விரலோடு ஒத்துப்போனது. உனக்குத் தோன்றியதை இப்படித்தான் சோதிக்க வேண்டும்.

நம் பக்கத்தில் நடந்ததையும் மறக்காதே. 1993-ல் முதனை ராஜாக்கண்ணுவைத் திருட்டுக் கேஸில் கம்மாபுரம் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் அடித்தே கொன்றார்கள். தப்பி ஓடிவிட்டான் என்றார்கள். மனைவி பார்வதி விடவில்லை. வக்கீல் சந்துரு மூலம் ஐகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போட்டார். மீன்சுருட்டி ஸ்டேஷன் எல்லையில் அடையாளம் தெரியாத பிணமாகப் பதிவானது அவர் கணவர்தான் என்று வெளிப்பட்டது. போலீஸ் சேர்த்துப் பார்த்திருக்க வேண்டிய இரண்டு பைல்களை ஓர் ஏழைப் பெண்ணின் பிடிவாதம் சேர்த்தது. அடித்தவர்கள் சிறைத்தண்டனை பெற்றார்கள்.

யோசிக்க முடியாதவன்தான் கை ஓங்குகிறான். அடிபட்டவன் நீ நினைத்ததையே திருப்பிச் சொல்வான். புதிதாக ஒன்றும் தெரியவராது. போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் நிற்காது. உண்மையான குற்றவாளி வெளியே திரிவான்.

ஸ்பாட்டுக்குப் போனால் எதையும் தொடாமல் முதலில் பார். இருப்பதைப் பார்த்தபின், இருக்க வேண்டியது எது இல்லை என்று கேள். முந்திரித் தோப்பில் வெறுங்காலோடு பிணம் கிடக்கிறது. உள்ளங்காலில் செம்மண் இல்லை என்றால் அவன் அங்கே நடந்து வரவில்லை. யார் தூக்கி வந்தது, எந்த வழியாக என்று யோசி. உன் ஊகத்தை நோட்டில் எழுது. அது தப்பென்று காட்டக்கூடியதையும் பக்கத்திலேயே எழுது. அதைத் தேடிக்கொண்டு முதலில் போ.

காணாமல் போனவர்களைத் தேடி வருகிறவர்களை உட்கார வைத்துக் கேள். அன்றைக்கே பக்கத்து மாவட்டங்களில் பதிவான அடையாளம் தெரியாத பிணங்களின் விவரத்தை வாங்கி ஒத்துப் பார். நாளைக்கு என்று தள்ளாதே.

அன்புடன்,
பெரியப்பா