அட்வான்ஸ் வாங்கினால் அடிமையா?

கேள்வி: சூளை வேலைக்கு அட்வான்ஸ் வாங்கியவர் அது கழியும்வரை இருக்கத்தானே வேண்டும்? அதை ஏன் கொத்தடிமை என்கிறார்கள்?

பதில்: கொடுத்த பணத்தைக் கேட்கலாம், அதற்காக ஆளைப் பிடித்து வைக்க முடியாது. 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் ஒரு படி மேலே போய், அப்படிப்பட்ட கடனே செல்லாது என்கிறது. அது கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்க வேண்டியவரும் கடன் கொடுத்தவர்தான்.

பூட்டும் அடியும் இருந்தால்தான் குற்றம் என்பதில்லை. டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பே என்று 1982-இல் சொன்னது உச்ச நீதிமன்றம்.

2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேர் மீட்கப்பட்டார்கள். முதியவர் ஒருவர் அதிகாரியின் காலில் விழுந்த படம் நாடெங்கும் பரவியது. அவர் வாங்கியதாகச் செய்திகளில் வந்த கடன்? வெறும் 1,000 ரூபாய்!

மீட்கப்பட்டவருக்கு உடனடி உதவி 30,000 ரூபாய் வரை உண்டு. ஒன்று முதல் மூன்று லட்சம் வரையிலான மறுவாழ்வுத் தொகையோ வழக்கின் முடிவோடு கட்டப்பட்டிருக்கிறது. வழக்கு இழுத்தால் பணமும் இழுக்கும். மறுவாழ்வுத் திட்டத்தின் பெரிய ஓட்டை இதுதான்.

இந்த உதவிகள் எதற்கும் ஆதாரம், மீட்கப்பட்டவருக்குத் தரப்படும் விடுதலைச் சான்றிதழ். அதைக் கையில் வாங்காமல் யாரும் ஊருக்குப் பஸ் ஏற வேண்டாம்.