தீவில் ஒரு குடம் நல்ல தண்ணீர்!

எங்கள் திருப்புட்குழிக் கோயில் குளத்தை, ஜடாயுவுக்கு ஈமக்கடன் செய்வதற்காக ராமர் அம்பு விட்டு உண்டாக்கினார் என்பது ஐதீகம். இராமேசுவரம் தீவில் தங்கச்சிமடம் அருகே கடலுக்குள்ளேயே வில்லூண்டித் தீர்த்தம் இருக்கிறது. சீதையின் தாகம் தீர்க்க ராமர் வில்லை ஊன்றிய இடமாம். சுற்றிலும் உப்புக் கடல் இருக்க, நடுவில் நல்ல தண்ணீர்!

இந்த இரண்டு ஊரையும் சேர்த்து எனக்கு நினைவுபடுத்தியது ஒரு பெண். எங்கள் பக்கத்துப் பெண்தான், இராமேசுவரம் தீவில் வாழ்க்கைப்பட்டவள். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து தாய்வீடு வந்திருந்தாள். அம்மாதான் அழைத்து வந்தார்.

"கால் ரெண்டும் வீங்குது டாக்டர் ஐயா. நீர்முள்ளிக் கஷாயம் கொடுத்தா வடியும்னு சொன்னாங்க."

"தலைவலி இருக்காம்மா?"

"ரெண்டு நாளா விடாம வலிக்குது. கண்ணு கொஞ்சம் மங்கலா இருக்கு."

இரத்த அழுத்தம் பார்த்தேன். 150/100. கஷாயம் கொடுக்கவில்லை. அன்றைக்கே ஆட்டோ வைத்து அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். கர்ப்பத்தில் அழுத்தம் 140/90-க்கு மேல் போய், தலைவலியும் கண் மங்கலும் சேர்ந்தால், அது வலிப்பில் கொண்டுபோய் விடலாம். தாய், பிள்ளை இருவருக்கும் ஆபத்து. அங்கே வீட்டு வைத்தியத்துக்கு இடமில்லை.

போகும்போது அந்தப் பெண் சொன்ன ஒரு வார்த்தை மனதில் நின்றுவிட்டது. "இங்க தண்ணி சக்கரையா இருக்கு டாக்டர். எங்க தெருவுல குழாயில எப்ப வரும்னே தெரியாது. வராத நாள்ல கிணத்துத் தண்ணிதான். முதல்ல கரிச்சுது, இப்ப பழகிப்போச்சு."

நாக்கு பழகும், உடம்பு பழகுமா?

ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு லிட்டர் தண்ணீரில் 1 கிராம் உப்பு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வெயில் ஊரில் 3 லிட்டர் குடித்தால் 3 கிராம் உப்பு தண்ணீரிலேயே சேர்ந்துவிடுகிறது. அதன்பிறகு சாம்பார், ஊறுகாய், கருவாடு எல்லாம் தனிக்கணக்கு!

அந்தப் பெண்ணுக்கு உப்புத் தண்ணீரால்தான் கொதிப்பு வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். கர்ப்பகாலக் கொதிப்புக்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் வங்கதேசக் கடலோரத்தில் நடந்த ஆய்வுகளில், மழைநீர் குடித்த கர்ப்பிணிகளைவிட உப்பேறிய நிலத்தடி நீரைக் குடித்தவர்களிடம் இந்தக் கொதிப்பு அதிகம் காணப்பட்டது. ஆகவே கர்ப்பிணிகளும், கொதிப்பு, சிறுநீரக நோய் உள்ளவர்களும் தாங்கள் குடிக்கும் தண்ணீரைப் பற்றிக் கட்டாயம் யோசிக்க வேண்டும்.

மணலுக்கடியில் மிதக்கும் நன்னீர்

தீவில் நல்ல தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மழைதான். மணலில் இறங்கும் மழைநீர், கடல்நீரைவிட எடை குறைந்தது. அதனால் பாலில் ஆடை மிதப்பதுபோல உப்புநீருக்கு மேல் மிதந்து நிற்கிறது. 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடியில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் பெண்கள் மணலைக் கையால் பறித்து ஊற்றுத் தண்ணீர் மொண்டு வாழ்ந்தது இதனால்தான்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் இருக்கும். மேலே அந்த 1 அடி குறைந்தாலோ, கீழிருந்து உப்பு 40 அடி ஏறும்! கையால் மொண்டவரை ஊற்று தாங்கியது. வீட்டுக்கு வீடு, விடுதிக்கு விடுதி மோட்டார் போட்டு உறிஞ்சினால் எப்படித் தாங்கும்? ஒருமுறை உப்பேறிய கிணறு திரும்பத் தித்திக்கப் பல மழைக்காலம் ஆகும்.

ஆகவே வெளியிலிருந்து தண்ணீர் வேண்டியிருக்கிறது. திருச்சி அருகே காவிரியில் எடுத்து, இராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களுக்குக் கொடுக்கும் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் இராமேசுவரமும் சேர்க்கப்பட்டது. பெரிய காரியம். ஆனால் குழாய் நீள நீள, வழியில் எங்கே உடைப்பு வந்தாலும், மின்சாரம் நின்றாலும், கடைசியில் தவிப்பது கடைக்கோடித் தீவுதான்.

லட்சத்தீவில் வேறு வழி செய்தார்கள். சென்னையிலுள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் 2005-ல் கவரத்தியில் ஒரு நிலையம் அமைத்தது. கடலின் மேல்மட்ட வெந்நீரைக் காற்றழுத்தம் குறைந்த தொட்டியில் விட்டால், அது கொதிக்க வைக்காமலே ஆவியாகும். சுமார் 350 மீட்டர் ஆழத்திலிருந்து எடுத்த குளிர்ந்த நீரால் அந்த ஆவியைக் குளிர வைத்தால் நன்னீர். தினம் 1 லட்சம் லிட்டர் எடுக்கும் திட்டம் அது. 2011-ல் மினிக்காய், அகத்தித் தீவுகளுக்கும் வந்தது. யாழ்ப்பாணத்துக்காகத் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024-ல் திறக்கப்பட்டது.

வராத குழாயும் நோய்தான்

"எப்படியோ வாரத்துக்கு ரெண்டு நாள் வருதே" என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாமா? கூடாது. தண்ணீர் நின்றபின் குழாய் காலியாகும்போது, வெடிப்பு வழியாகச் சாக்கடை உள்ளே இழுக்கப்படும். அடுத்த முறை முதலில் வருவது அதுதான். வயிற்றுப்போக்கு, டைபாய்டு, மஞ்சள் காமாலை எல்லாம் இப்படித்தான் வீட்டுக்குள் வருகின்றன. எப்போது வருமோ என்று அண்டா, டிரம் எல்லாம் நிரப்பி வைத்தால் டெங்கு கொசுவுக்குத் தொட்டில் கட்டியதாகும். நீர்க்கணக்குப் பார்த்துக் குறைவாகக் குடிக்கும் பெண்களுக்கு நீர்க்கடுப்பு, கல்லடைப்பு வருவதையும் பார்க்கிறேன்.

ஆகவே தீவு மக்கள் கேட்பதில் மூன்று அம்சம் இருக்கிறது: சுத்தமான தண்ணீர், போதுமான தண்ணீர், சொன்ன நாளில் வரும் தண்ணீர். மூன்றாவது இல்லாவிட்டால் முதல் இரண்டும் நிலைக்காது. கிராமங்களுக்கு ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் அளவு வைத்திருக்கிறது. கேட்பது சலுகை இல்லை, உரிமை.

வீட்டில் என்ன செய்யலாம்?

● காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு போகாது. ஆவி போகப் போக உப்பு இன்னும் செறிவாகும்.

● தேற்றான்கொட்டையை உரசிக் கலந்தால் கலங்கல் தெளியும். சீரகமும் வெட்டிவேரும் மணமும் குளிர்ச்சியும் தரும். எங்கள் வைத்தியத்தில் இவை உயர்ந்தவைதான். ஆனால் எதுவும் உப்பை எடுக்காது. அப்படி யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

● பதார்த்த குண சிந்தாமணி ஒவ்வொரு வகை நீருக்கும் தனித்தனியே குணம் சொல்கிறது. தீவுக்கு ஏற்றது மழைநீர்தான். 1,000 சதுர அடி மாடியில் 1 செ.மீ. மழை பெய்தால் சுமார் 900 லிட்டர். ஆண்டுக்கு 80 செ.மீ. பெய்தால் 70 ஆயிரம் லிட்டருக்கு மேல்! குடிக்க, சமைக்க தினம் 40 லிட்டர் என்றால் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 15 ஆயிரம் லிட்டர் போதும். முதல் மழையை விட்டுவிட்டு, மூடிய தொட்டியில் பிடித்து, காய்ச்சிக் குடியுங்கள்.

● கிடைக்கும் நல்ல தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் மட்டும். உப்புத் தண்ணீர் கழுவ, துவைக்க.

● சேமிக்கும் பாத்திரத்தைத் துணி கட்டி மூடுங்கள். வாரம் ஒருமுறை காலி செய்து தேய்த்துக் கழுவுங்கள். கையை விட்டு மொள்ளாமல் நீண்ட அகப்பையால் எடுங்கள்.

● தண்ணீரைச் சோதனைச்சாலையில் கொடுத்துப் பாருங்கள். கரைந்துள்ள உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியே இல்லாத இடத்தில்தான் 2,000 வரை அனுமதி. குழாய் நீரில் குளோரின் 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும். அந்தச் சீட்டோடு கிராம சபைக்குப் போங்கள். உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22-லும் சபை கூடுகிறது. "தண்ணி சரியில்ல" என்றால் கேட்டுவிட்டுப் போவார்கள். எண்ணைக் காட்டினால் பதில் சொல்லியாக வேண்டும்.

அந்தப் பெண்ணுக்கு மருத்துவமனையில் சுகப்பிரசவம் ஆனது. பெண் குழந்தை. மூன்றாம் மாதம் புகுந்த வீட்டுக்குக் கிளம்பும்போது வந்து கேட்டாள். "அங்க போய் பாப்பாவுக்கு என்ன தண்ணி கொடுக்கறது டாக்டர்?"

"ஆறு மாசம் வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி வேண்டாம்மா. தாய்ப்பால் மட்டும். நீ நல்ல தண்ணியாப் பார்த்துக் குடி. ரத்த அழுத்தத்தை மாசா மாசம் பார்த்துக்க."

சிரித்தாள். ஆறு மாதம் வரை அந்தக் குழந்தைக்குத் தாய் பார்த்துக்கொள்வாள். அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ள வேண்டியது ஊரும் அரசும்தான்.