ஜெராக்ஸ் கடையில் தங்கிவிடும் உங்கள் ஆதார்

எங்கள் பக்கத்துக்காரர் ஒருவரின் பழைய சான்றிதழ்களை விரித்தால் மாவட்ட வரலாறே தெரிந்துவிடும். 1995ல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2001ல் பெரம்பலூரிலிருந்து அரியலூர் பிரிந்து, 2002ல் திரும்பச் சேர்ந்து, 2007 நவம்பரில் மறுபடியும் தனி மாவட்டமானது. செந்துறைக்காரர் வீட்டைவிட்டு நகராமலே மூன்று மாவட்டம் பார்த்துவிட்டார்!

முகவரி திருத்தவும் ஆதார் எடுக்கவும் நாம் போவது பிரவுசிங் சென்டருக்கு. அப்படி ஓர் இடத்தில் பிரிண்ட் எடுக்கப் போனபோது, டவுன்லோட்ஸ் போல்டரில் யார் யாருடைய ஆதார் பைல்களோ வரிசையாகக் கிடப்பதைப் பார்த்தேன். பாஸ்வேர்ட் இருக்கிறதே என்பீர்கள். பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகள், அதோடு பிறந்த வருடம், அவ்வளவுதான். தெரிந்தவர் எவரும் திறந்துவிடலாம்.

கம்ப்யூட்டர் வாங்கிவிட்டீர்கள் அல்லவா? இனி இதை வீட்டிலேயே செய்யுங்கள். மைஆதார் தளத்தில் நுழைந்து, மொபைலுக்கு வரும் ஓடிபி எண்ணைக் கொடுத்து, டவுன்லோட் பகுதிக்குச் செல்லவும். அங்கே 'மாஸ்க்டு ஆதார்' என்ற கட்டத்தில் டிக் செய்யவும். 12 இலக்கங்களில் கடைசி நான்கு மட்டும் தெரியும் பைல் கிடைக்கும். லாட்ஜில் அறை எடுக்க இது போதும். முழு எண் கட்டாயம் என்கிற அரசுத் திட்டங்களுக்கு மட்டும் முழு ஆதார். 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், கண்ட இடத்தில் நகல் தராதீர்கள், மாஸ்க்டு ஆதார் தாருங்கள் என்று அறிவித்தது. மக்கள் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடும் என்று இரண்டே நாளில் அதைத் திரும்பப் பெற்றார்கள். என்னைக் கேட்டால், அறிவிப்பு சரியானதுதான்.

அந்த பைலை அடோப் ரீடரில் திறந்தால் மஞ்சள் நிறக் கேள்விக்குறி தெரியலாம். பயப்பட வேண்டாம். அது ஆணையத்தின் டிஜிட்டல் கையெழுத்து. உங்கள் கம்ப்யூட்டர் அதை இன்னும் சரிபார்க்கவில்லை, அவ்வளவே. ஆணையம் தன் ரகசியச் சாவியால் கையெழுத்திடுகிறது. அதன் பொதுச் சாவி கையில் இருக்கும் எவரும் அதைச் சோதிக்கலாம். பைலில் ஓர் எழுத்தை மாற்றினாலும் சோதனை தோற்றுவிடும். பிரிண்ட் எடுத்துவிட்டாலோ இந்தப் பாதுகாப்பு போய்விடும். தாளில் இருப்பது கையெழுத்தின் படம்தான்.

இதில் இன்னொரு லாபம் உண்டு. சோதிப்பவர் தலைமை சர்வரைக் கேட்க வேண்டியதில்லை. ஆகவே நீங்கள் எங்கே, யாரிடம் காட்டினீர்கள் என்பது அங்கே பதிவாகாது. பரவலாக்கப்பட்ட அடையாளம் என்று இப்போது பேசப்படுவதன் அஸ்திவாரம் இதுவே. வெப் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி, இதற்கான தரத்தை 2022ல் வெளியிட்டது. சான்று தருபவர் கையெழுத்திடுவார். பைல் உங்களிடம் இருக்கும். கேட்பவருக்குத் தேவையானதை மட்டும் காட்டுவீர்கள். பதினெட்டு வயது நிரம்பியவரா என்று கேட்டால் 'ஆம்' என்பது மட்டும் போகும். பிறந்த தேதி, தந்தை பெயர், தெரு எதுவும் போகாது.

பைல் உங்களிடம் இருப்பதால் அதைக் காப்பதும் உங்கள் வேலை. டெஸ்க்டாப்பில் போடாமல் தனி போல்டரில் வைத்து, பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளவும். வெளியே பிரிண்ட் எடுக்க நேர்ந்தால், கிளம்பும் முன் பைலை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டு வரவும்.