பிப் ஏன் முரண்டு பிடிக்கிறது?

கேள்வி: உபுண்டுவில் பைத்தானை மூல நிரலிலிருந்து நிறுவினேன். பைத்தான் ஓடுகிறது, ஆனால் பிப், எஸ்எஸ்எல் மாட்யூல் இல்லை என்கிறது. ஏன்?

பதில்: பிழை பிப்பில் இல்லை. உபுண்டு ஒரு நூலகத்தை இரண்டு பொதிகளாகப் பிரித்துத் தருகிறது: நிரல் ஓடுவதற்கானது ஒன்று, ‘டெவ்’ என்று முடியும் இன்னொன்று. தொகுப்பதற்குத் தேவையான ஹெடர் கோப்புகள் இரண்டாவதில்தான் இருக்கும். எஸ்எஸ்எல் மாட்யூலுக்குத் தேவையான ஓபன்எஸ்எஸ்எல் நூலகத்தின் ஹெடர் கிடைக்காவிட்டாலும் பைத்தான் நின்றுவிடாது. அந்த மாட்யூலை மட்டும் விட்டுவிட்டுத் தொகுத்து முடித்துவிடும். விடுபட்டவற்றின் பட்டியலை ‘மேக்’ தன் கடைசி வரிகளில் அச்சிடுகிறது. புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது அதைத்தான்.

‘லிப்எஸ்எஸ்எல்-டெவ்’ பொதியை நிறுவி, ‘கான்ஃபிகர்’, ‘மேக்’ இரண்டையும் மறுபடி ஓட்ட வேண்டும். முதல் கட்டளையை விட்டுவிட்டால் பழைய முடிவே நீடிக்கக்கூடும்.

சி கம்பைலரே இல்லை என்று ‘கான்ஃபிகர்’ நின்றால் ‘பில்ட்-எசென்ஷியல்’ பொதி போதும். வேறு காரணமென்றால், அதை ஓட்டிய கோப்புறையிலுள்ள ‘கான்ஃபிக்.லாக்’ கோப்பில் எந்தச் சோதனை தோற்றது என்பது விவரமாக இருக்கும்.

நிறுவும்போது ‘மேக் இன்ஸ்டால்’ வேண்டாம், ‘மேக் ஆல்ட்இன்ஸ்டால்’ நல்லது. ‘பைத்தான்3’ என்ற பெயர் அப்போது புதிய பதிப்புக்குப் போகாது. உபுண்டுவின் பல கருவிகள் அந்தப் பெயரை நம்பியே இயங்குகின்றன.